அந்தமானில் ஓதம் பார்த்துக் குளித்த ஆறு நாட்கள்

முதல் நாள், புதன், போர்ட் பிளேர்

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை சென்னையில் விமானம் ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து போர்ட் பிளேரில் இறங்கியாயிற்று. 2024-ல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஆனால் ஆட்டோக்காரரும் விடுதிக்காரரும் பழைய பெயரையே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

வந்திருப்பது நான், கணவர், பன்னிரண்டு வயது மகள். மகளுக்குப் பவளப்பாறையை உயிரோடு பார்க்க வேண்டும். கணவர் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர், அவருக்கு அலையில் குளிக்க வேண்டும். நான் நாற்பது வயதில் நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டவள். கால் தரையைத் தொடும் ஆழம்வரைதான் எனக்குத் தைரியம். மூன்று பேருக்கும் பொருந்துகிற ஒரு கடற்கரையை இரண்டு மாதமாகத் தேடினோம். படங்களில் எல்லாக் கடற்கரையும் ஒன்றுபோல் நீலமாக இருந்ததால் எதுவும் விளங்கவில்லை.

போர்ட் பிளேரைச் சுற்றியே இடங்கள் உண்டு. நார்த் பே இருக்கிறது. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் வரும் காட்சி அதுதான். வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலி பாய் தீவு இருக்கிறது. 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் வருவது அது. பவளத்துக்கு ஓய்வு தருவதற்காக ஆண்டில் பாதி ஜாலி பாய், மறு பாதி ரெட் ஸ்கின் என்று மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக்கூட உள்ளே விட்டுவிட்டு வர முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே சில மணி நேரம்தான் இருக்கலாம், தங்க முடியாது. நாள் முழுக்கக் கடலோடு கிடக்க ஆசைப்பட்டதால் ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு தீவுகளையும் தேர்ந்தெடுத்தோம்.

மாலையில் அபர்டீன் பஜாரில் டீ குடித்தபோது பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர். தமிழ்க் குரல் கேட்டதும் அவரே திரும்பிப் பேசினார். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்களாம். முப்பது வருஷம் டிங்கி ஓட்டியவர். சின்னப் படகுக்கு இங்கே டிங்கி என்றுதான் பெயர். கணவர் அவரிடம், "ஸ்நார்கெலிங் பண்ண எந்த பீச் நல்லதுங்க?" என்று கேட்டார். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, மேலே மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பதுதான் ஸ்நார்கெலிங்.

"பீச்சை அப்புறம் பார்ப்போம் தம்பி. எத்தனை மணிக்கு எறங்கப் போறீங்க? இன்னைக்குப் பௌர்ணமி. காலையில பத்து மணிக்குத் தண்ணி ஏறி நின்னுச்சு. இப்ப நாலு மணி, வத்திக் கெடக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தோம். கரையோரப் பாறைகள் பாசியோடு வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் காலைத் தண்ணீரின் ஈரக் கோடு என் தோள் உயரத்தில் இருந்தது. மெரினாவில் எத்தனையோ மாலை உட்கார்ந்திருக்கிறேன், ஓதம் என்ற ஒன்று, அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும், இருப்பதாகவே கவனித்ததில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மீட்டர். நாளுக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் முக்கால் மணி நேரம் போலத் தள்ளி வரும். பவளம் கரைக்கு அருகே ஆழமில்லாத இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேலே மிதக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதை அந்த இரண்டு மீட்டர்தான் முடிவு செய்கிறது.

மகள் இரவே கைப்பேசியில் ஓத அட்டவணையைப் பார்த்து ஆறு நாளுக்கும் நேரங்களை ஒரு தாளில் எழுதிவிட்டாள்.

இரண்டாம் நாள், வியாழன், ராதாநகர்

காலையில் தனியார் கப்பலில் ஹேவ்லாக். ஒன்றரை மணி நேரம் ஆனது. 2018 டிசம்பரில் இந்தத் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவுகள் இவை. வழியெல்லாம் வாழையும் பாக்கும் தென்னையுமாக ஒரு வங்காளக் கிராமம்போல இருக்கிறது. ஊர்ப் பெயர்களைக் கேட்டு எனக்கு ஒரு சந்தோஷம்: ஹேவ்லாக்கில் ராதாநகர், கோவிந்த நகர், கிருஷ்ண நகர், ஷியாம் நகர். நீலில் ராம்நகர், சீதாபூர், லக்ஷ்மண்பூர், பரத்பூர். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள், ஒரு தீவுக்குக் கண்ணன் கதையையும் இன்னொன்றுக்கு ராமன் கதையையும் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராதாநகரை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் 2020-ல் கிடைத்தது. புகழுக்குத் தகுந்த இடம்தான். சப்போட்டாவுக்கு உறவான கடல் மஹுவா மரங்கள் கரை நெடுக வானத்தை மறைத்து நிற்கின்றன. அந்த நிழலைத் தாண்டினால் மாவு சலித்ததுபோல் மணல், பிறகு கடல்.

இங்கே கணவருக்குத்தான் விருந்து. தரை சீராக இறங்குகிறது. இடுப்பளவு தண்ணீருக்குப் போக நல்ல தூரம் நடக்க வேண்டும், காலில் ஒரு கல் இடறாது. அலை வந்து தூக்கி மெதுவாக இறக்கி வைக்கிறது. கொடி நட்டுக் குளிக்கும் எல்லையைக் குறித்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் காவலர் விசில் அடிக்கிறார். நானே மார்பளவு வரை போனேன். தரை மணல் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடுகிறது.

மகள் முகமூடியை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் தேடினாள். பார்த்தது மணல், மணல் வரிகள், ஒரு சின்னத் திருக்கை. முகம் வாடிப்போயிற்று. உலகப் புகழ் பெற்ற கடற்கரையில் மீன் இல்லையா என்று கேட்டாள். பவளத்துக்குப் பற்றிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும், அலை கிளப்பும் மணல் அதன் மேல் படியக் கூடாது. நீந்துகிறவருக்கு இதமாக இருக்கும் இந்த அசையும் மணலில் பவளக் குஞ்சு ஒட்டவே முடியாது. அதனால் ஒரே இடத்தில் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது இன்று காலில் பட்டே புரிந்தது. ஹேவ்லாக்குக்கு ஒரே ஒரு மாலைதான் வருகிறீர்கள், குழந்தைகளோடு கடலில் விளையாட வேண்டும் என்றால் இங்கேயே வாருங்கள். முகமூடியை அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010 ஏப்ரலில் இதே ராதாநகரை அடுத்த நீல்ஸ் கோவ் என்ற ஒதுக்குப்புறத்தில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவரை முதலை கொன்றது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கழிமுகம், அலையாத்திக் காடு, ஓடை கலக்கும் இடம் ஆகியவற்றின் பக்கம் நீந்தாதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். பொழுது சாய்ந்ததும் கரையேறிவிடுங்கள். இங்கே பிப்ரவரியிலும் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் ஆறரை வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள், வெள்ளி, எலிஃபண்ட் பீச்

மகளின் தாளில் இன்றைய ஏற்றம் பதினொன்றேகால். ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும், ஏறிக்கொண்டிருக்கும் நீரில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று அவளே கணக்குப் போட்டாள். காட்டு வழியாக நடந்தும் போகலாம், ஹேவ்லாக் துறையிலிருந்து படகிலும் போகலாம். படகில் போனோம், அரை மணிக்குள் கரை.

முன்பு மரம் இழுக்கும் யானைகள் இருந்த கரை, அதனால் அந்தப் பெயர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாண்ட பெரிய மரங்கள் எலும்புபோல் வெளுத்து இன்னும் கரையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றின் வேரில் மூட்டையை மாட்டிவிட்டு இறங்கினோம்.

முதல் பத்து நிமிடம் பெரும்பாடு. கணவரின் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. காரணம் மீசை. ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும், முடியின் இடுக்கு வழியே அது கசிந்துவிடும். படகுப் பையன் மேலுதட்டில் வாசலின் தடவச் சொன்னான், கசிவு பெரும்பாலும் நின்றது. மீசை வைத்தவர்கள் ஒரு சின்ன டப்பா எடுத்து வாருங்கள். எனக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்பக்கம் எச்சிலைத் தடவி ஒருமுறை கடல் தண்ணீரில் அலசினால் தெளிந்துவிடுகிறது. வாய்க்குழாயைப் பல்லால் இறுக்கிக் கடிக்க வேண்டாம், உதட்டால் மூடினால் போதும், இல்லாவிட்டால் தாடை வலிக்கும். மூச்சை மெல்ல இழுத்து நீளமாக விட வேண்டும். எனக்கு முதலில் நெஞ்சு படபடத்தது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, முகத்தை மட்டும் தண்ணீரில் வை என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். வைத்தேன்.

நான் எதிர்பார்த்தது நிறம். முதலில் கிடைத்தது சத்தம். எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஓயாத மெல்லிய பொரிச்சல். கூடவே கடுக் கடுக்கென்று யாரோ முறுக்கு கடிக்கும் ஒலி. கடித்தது கிளிமீன். கிளியின் அலகுபோன்ற வாயால் பாறை மேல் வளரும் பாசியைச் சுரண்டும்போது பவளத்தையும் சேர்த்துக் கொறிக்கிறது. தொண்டைப் பற்களில் அரைபட்ட சுண்ணாம்பு வெளியே மணலாக விழுகிறது. என் கண்ணெதிரே ஒரு மீன் வெள்ளைப் புகைபோல் மணலை உதிர்த்துக்கொண்டு போனது. இந்தத் தீவுகளில் நாம் படம் எடுத்து மகிழும் வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

கடல் தாமரைக்குள் புகுந்து எட்டிப் பார்க்கும் கோமாளி மீன், மஞ்சள் வரிப் பட்டாம்பூச்சி மீன்கள், பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிய, விலாங்குபோன்ற ஒரு அஞ்சாளை, நீல உதடு விரித்த ராட்சதச் சிப்பி. மகள் ஒவ்வொன்றுக்கும் தண்ணீருக்குள்ளேயே கத்தினாள், குழாய் வழியே அது ஊதல்போல வந்தது.

பவளமோ, உள்ளது உள்ளபடி சொன்னால், பாதிக்கு மேல் சாம்பல் நிறம். கடல் நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால், பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் அந்தப் பாசிகளால்தான். சூடு தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் அந்தமான் பவளம் இப்படி வெளுத்தது. செத்த கிளைகளின் நுனியில் அங்கங்கே ஊதாவும் இளம்பச்சையுமாகப் புது முளைகள் வந்திருந்தன. விரல் நுனி அளவுதான் இருக்கும்.

அந்த முளைகள் மேல்தான் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கால் எட்டியதும் நின்று கண்ணாடியைச் சரிசெய்கிறார், அவ்வளவுதான். அவருக்கு அது கல். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அவர் மிதித்த பாறை என் கையகலம் இருக்கும், அதுவே பல ஆண்டு வளர்ச்சி. கணவர் போய் மெதுவாகச் சொன்னார். அவர் பதறிப்போய் விலகினார், யாரும் சொல்லவில்லையே என்றார். உண்மைதான், படகில் ஏறும்போது எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடும் கையோடு "பவளத்தில் கால் வைக்காதீர்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அன்று முழுக்க மனம் ஆறவில்லை.

பத்தரைக்குள் படகு படகாக வந்து சேர்ந்தார்கள், தண்ணீர் கலங்கிவிட்டது. இங்கே வருவதானால் முதல் படகில் வாருங்கள். இன்னொரு விஷயம்: வெயில் கிரீமைக் குறைத்துக்கொண்டு முழுக்கை நீச்சல் சட்டை போடலாம். ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த கிரீம்களைப் பவளத்துக்காகவே ஹவாய் 2021 முதல் விற்கத் தடை செய்திருக்கிறது.

நான்காம் நாள், சனி, நீல் தீவு

கப்பல் நண்பகலில் விட்டது. சாப்பிட்டுவிட்டு பரத்பூர் கடற்கரைக்கு வர மூன்றரை. தாளில் வற்று ஐந்தே முக்கால் என்று இருந்தது, ஆவலில் அதை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் தூரத்தில் பளபளக்கிறது, அதுவரை முழங்காலளவுகூட இல்லை. நடந்து போனால் பவளத்தை மிதிக்க வேண்டும், மிதக்கவும் ஆழம் போதாது. கணவர் வழுக்கிக் கையை ஊன்றியதில் உள்ளங்கையில் கீறல். பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் சீக்கிரம் ஆறாது, நுண்ணிய துணுக்குகள் உள்ளே தங்கிவிடும். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி மருந்து வைத்தோம்.

அந்த நேரத்துக்கு ஏற்ற இடம் லக்ஷ்மண்பூரின் இரண்டாம் கரை. கடல் அரித்து உண்டான பாறை வளைவு ஒன்று அங்கே நிற்கிறது. வங்காளிகள் ஹௌரா பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் வற்றினால்தான் அங்கே நடக்க முடியும். பாறைக் குட்டைகளில் கடல் அட்டைகள், கடல் முள்ளெலிகள், கைவிரல் நீள மீன்கள். செருப்பில்லாமல் போகாதீர்கள். ஒரு பையன் பவளத் துண்டு ஒன்றைப் பையில் போட்டபோது அவன் பாட்டியே வாங்கிக் கீழே வைத்தார். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, எடுத்துப்போவது குற்றம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, பரத்பூர் மறுபடியும்

இன்று பன்னிரண்டேகாலுக்கு ஏற்றம். பதினோரு மணிக்குப் போனோம். நேற்றுப் பார்த்த இடமா என்று இருந்தது. நடந்து தடுமாறிய இடமெல்லாம் தெளிந்த பச்சைத் தண்ணீர், காற்று இல்லை, அலை இல்லை. வெயில் நேர் மேலே இருந்ததால் ஒளி தரைவரை இறங்கியது. காலையில் சாய்வாக விழும் வெளிச்சத்தைவிட இதில் நிறங்கள் நன்றாகத் தெரிகின்றன.

கரையிலிருந்து நாங்களே மிதந்து போனோம். முதலில் வெறும் மணல், அங்கே காலூன்றி முகமூடியைச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு கடற்புல், அதன் பிறகு பவளத் திட்டுகள். எனக்கு இந்த வரிசை பிடித்திருந்தது. பயம் வந்தால் திரும்பி மணலுக்கு வந்துவிடலாம். எலிஃபண்ட் பீச்சில் உயிர்கள் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைப்போல் புதிதாகக் கற்றவருக்கும் குழந்தைகளுக்கும், நீர் ஏறி நிற்கும் நேரத்துப் பரத்பூரைத்தான் சொல்வேன். நண்பகல் ஏற்றத்தோடு பொருந்துகிற நாட்களாகப் பார்த்து விடுமுறை எடுங்கள். பௌர்ணமி, அமாவாசை கழிந்த மூன்று நான்கு நாட்கள் எங்களுக்கு அப்படி அமைந்தன.

கடற்புல் மேட்டின் மேல் வெகுநேரம் மிதந்தேன். அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கு கடற்பசு, இந்தப் புல்தான் அதன் சாப்பாடு. நம் பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதே உயிர். அதற்காகத் தமிழ்நாடு 2022-ல் அங்கே ஒரு பாதுகாப்பகத்தை அறிவித்தது. என் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஆனாலும் அது மேய வரக்கூடிய புல்வெளி இது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

கால் தரையைத் தொடவில்லை என்பதை எப்போது கவனித்தேன் என்று தெரியவில்லை. கீழே மூளைபோல் மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய பவளம், அதன் மேல் மிக நெருக்கமாக நீல மீன் கூட்டம் ஒன்று நிற்கிறது. நான் அசைந்தால் மொத்தமாகப் பவளத்துக்குள் ஒடுங்கும், நான் அமைதியானால் மறுபடி வெளியே வரும். மூன்று தடவை அப்படி நடந்தது. நாலாவது தடவை அவை ஒடுங்கவில்லை.

ஆறாம் நாள், திங்கள்

போர்ட் பிளேர் திரும்பும் கப்பலுக்கு நேரம் இருந்தது, ஆனால் ஏற்றம் மதியம் ஒரு மணிக்கு. இன்னொரு தடவை நீந்த வழியில்லை. விடிந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டு பரத்பூர் வரை நடந்தோம். ஏழு மணிக்கு நீர் அடியோடு வற்றியிருந்தது. ஒரு நண்டு, ஈர மணலில் ஒரு நாயின் கால்தடம். மணல் திட்டு வழியாகப் போக முடிந்த மட்டும் போனோம்.

மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். கெண்டைக்கால் அளவு தண்ணீருக்குள் அந்த மூளைப் பவளம். அதன் உச்சி நீர்மட்டத்துக்கு நாலு விரல் கீழே இருந்தது. நீல மீன்களில் சில அந்த நாலு விரல் தண்ணீரிலும் நின்றுகொண்டிருந்தன.

"நேத்து நாம இதுக்கு மேலதான்மா மிதந்தோம்," என்றாள், கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி.